மாப்பிள்ளைப் பக்கத்து மௌத்து செல்லாது

சாய்ந்தமருதில் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்குகிறவள் நான். சுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில், கடற்கரைப் பக்கத்து மைதானத்தில், ஒரு அபாயாக்காரி ஸ்கூட்டியில் நெளிந்து நெளிந்து போக, இன்னொரு அபாயாக்காரி கத்திக்கொண்டே பின்னால் ஓடுவதை நீங்கள் பார்த்திருந்தால், அந்த ஓடுகிறவள்தான் நான். கத்துகிறவளும் நான்தான். ஏறியிருப்பவள் பெரும்பாலும் பேச்சு மூச்சில்லாமல்தான் இருப்பாள்.

இது ஒரு தொழில் என்று எனக்கு முதல் நாளே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வைக்கத்தான் காலம் எடுத்தது.

என் கணவர் கட்டாரில் இருந்த காலத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினேன். விழுந்து எழும்பி நானே பழகிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், பழக்கினேன். அவளுடைய தங்கை கேட்டாள், அவளுக்கும் பழக்கினேன். கூலியாக ஒரு சீப்பு வாழைப்பழமும் நிறைய துஆவும் கிடைத்தன. பிறகு கணவர் வேலை முடிந்து ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். வாழைப்பழத்தைக் கொடுத்துக் கரண்ட் பில் கட்ட முடியாது என்ற நிலை வந்ததும், ஒரு வகுப்புக்கு ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தேன்.

"சொந்தக்காரரிட்டச் சல்லி வாங்குறதா?" என்று கேட்டார் கணவர்.

"இந்த ஊரில சொந்தமில்லாத ஆள் ஆரு இரிக்கி? ஒராளைக் காட்டுங்க. அவட்ட மட்டும் வாங்குறன்."

அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெண்கள் காசு கொடுத்தார்கள். அதில் குறை சொன்னால் அல்லாஹ் பொறுக்க மாட்டான். கஷ்டம் என்னவென்றால், வருகிற அன்றைக்குத்தான் கொடுத்தார்கள். வராத நாட்கள் நிறைய இருந்தன. அதுவும் முதல் நாளே சொல்லமாட்டார்கள். நான் எழும்பி, தொழுது, ரொட்டிக்குப் பிசைந்த மாவைப் பிசைந்தபடியே மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் நின்ற பிறகுதான் போனில் வொய்ஸ் வந்து விழும். பின்னணியில் சேவல் கூவும்.

"ராத்தா, இண்டைக்கு வரக் கிடைக்காது போல. ராவைக்கு விருந்தாளி வந்திட்டாங்க."

விருந்தாளி இரவு வந்தால் இரவே சொல்லலாம் அல்லவா? கேட்டால் கோபிப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், அபாயா காயவில்லை, வானம் மூடியிருக்கிறது, உம்மா வேண்டாம் என்கிறார், பூனை குட்டி போட்டிருக்கிறது. பூனைக்கு நீயா மருத்துவிச்சி என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். கரையில் வலையை விரித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "என்ன டீச்சர், இண்டைக்கும் தனியாவா?" என்று ஒருவர் கேட்பார். வந்த வழியே திரும்பிப் போய், காய்ந்துபோன மாவைத் திரும்பவும் பிசைவேன். அந்த ரொட்டியை என் கணவர் மட்டும்தான் நல்லது என்று சொல்லிச் சாப்பிடுவார். அவருக்கு என் முகத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

பாமசியில் வேலை செய்கிற ஒரு பெண் என்னிடம் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மைதானத்தில் நிற்கிறேன், அவளிடமிருந்து வொய்ஸ் வருகிறது. "கோவிக்காதீங்க ராத்தா. நித்திரையாப் போயிட்டன். நீங்க வீட்டில சும்மாதானே இரிக்கிறீங்க, நாளைக்கு வாறன்."

காய்ச்சலையும் பூனையையும் பொறுத்தவளுக்கு அந்தச் 'சும்மா'வைப் பொறுக்க முடியவில்லை.

அதே கிழமைதான் கல்முனையில் ஒரு தோல் டொக்டரைச் சனல் பண்ணி, முன்கூட்டியே காசு கட்டி நேரம் எடுத்திருந்தேன். வெயிலில் ஓடி ஓடி முகமெல்லாம் கறுப்பாகிப் போயிருந்தது. போகிற அன்றைக்குச் சின்ன மகனுக்கு வயிற்றோட்டம். போன் பண்ணி, வர முடியாது, காசைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். "ஏலாது மிஸ், டொக்டர்ட டைம் உங்களுக்கெண்டு ஒதுக்கியாச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்த பிள்ளை தேன் வடியச் சொன்னாள். போனை வைத்ததும் கோபம் வரவில்லை, ஒரு வெளிச்சம்தான் வந்தது. டொக்டருடைய நேரத்துக்கு விலை இருக்கிறது. என் நேரத்துக்கு மட்டும் ஏன் இல்லை? டொக்டர் காற்றாடிக்குக் கீழே இருந்துகொண்டுதான் காத்திருக்கிறார். நான் பனியில் நின்று காத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: வகுப்பு அன்றைக்கு வரவில்லை என்று சொன்னால் பாதிக் காசு.

எப்போதும் சளசளவென்று இருக்கும் குரூப் அது. அன்று மையத்து வீட்டு அமைதி. இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய் வந்த கணவரின் முகம் சரியில்லை.

"பள்ளியில கதைக்கிறாங்க."

"ஸ்கூட்டி பழகாத ஆம்பிளையளுக்கு இதில என்ன கதை?"

"மௌத்து விழுந்தாலும் சல்லி கேப்பாவாமா எண்டு கேக்காங்க. நான் என்ன சொல்ற?"

அது நியாயமான கேள்வி என்று எனக்கும் பட்டது. மரணத்துக்குத் தண்டம் விதிக்க நான் யார்? உடனே குரூப்பில் ஒரு வரி சேர்த்தேன்: சொந்தத்தில் மௌத்து என்றால் காசில்லை. நல்ல மனத்தோடுதான் சேர்த்தேன். அந்த ஒரு வரி என்னைப் படுத்திய பாட்டை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம்.

மறு கிழமையிலிருந்து ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது நின்றுவிட்டது. விருந்தாளிகள் வருவதில்லை. பூனைகள் குட்டி போடுவதில்லை. எல்லோருக்கும் மௌத்து மட்டும்தான்.

எங்கள் ஊரில் இது எவ்வளவு சுலபம் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. உம்மா வழியில் எல்லோருக்கும் ஒரு குடி இருக்கிறது. ஒரே குடி என்றால் ஒரே இரத்தம். அதற்கு மேல் வாப்பா வழி இருக்கிறது, பெண் கொடுத்த வழி இருக்கிறது, எடுத்த வழி இருக்கிறது, பால் குடித்த வழி இருக்கிறது. கல்முனைக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்தப் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் யாருடைய பெயர் சொல்லப்பட்டாலும், கொஞ்சம் மெனக்கெட்டால் ஒரு முறை கண்டுபிடித்துவிடலாம். சுபஹுக்குப் பிறகு ஸ்பீக்கர் ஒரு தரம் 'டக்' என்று சத்தம் போடும். ஊரே கையில் இருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுக்கும். பெயர் வந்து முடிவதற்குள் என் போன் துடிக்கும்.

பாமசிக்காரி இதில் எல்லோரையும் மிஞ்சினாள். அக்கரைப்பற்றில் யாரோ ஒரு முதியவர் மௌத்தாகிவிட்டாராம்.

"அவர் உனக்கு என்ன முறை?"

"எங்கட மாப்பிள்ளைட வாப்பாட மூத்தம்மாட மருமகன், ராத்தா."

"நீ அவரைக் கண்டிருக்கிறியா?"

"கலியாணத்துக்கு வந்தாராம்."

"ஜனாஸாவுக்குப் போறியா?"

"மாப்பிள்ளை போறார். நான் வீட்டில இரிந்து துஆச் செய்றன்."

படுக்கையில் கிடந்துகொண்டு செய்கிற துஆ அது என்று குரலிலேயே தெரிந்தது. அன்றைக்கே சட்டத்தைத் திருத்தினேன். சொந்தப் பக்கத்து மௌத்து மட்டும்தான் கணக்கு. மாப்பிள்ளைப் பக்கத்து மௌத்து செல்லாது. கணவன் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொருத்திக்கும் சொந்தம் இரட்டிப்பாகிறது, என் தொழில் தாங்காது.

அந்த வரியை வாசித்த என் கணவர் பாயிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

"அப்ப எங்கட ஆக்கள் மௌத்தானா அது மௌத்து இல்லியா?"

"மௌத்துதான். லீவு மட்டும் இல்ல."

"நீயும் எங்கட குடும்பத்து மருமகள்தான், மறந்திடாத," என்றார். அவர் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் மதினி வந்து சேர்ந்தார். மதினி என்றால் என் கணவரின் ராத்தா, மூத்த சகோதரி. டீச்சர். ஐம்பது தாண்டியவர். கணவரை இழந்தவர். என் கணவர் உலகத்தில் பயப்படுகிற ஒரே மனிதர் அவர்தான். கட்டாரில் முதலாளியிடமே எதிர்த்துக் கதைத்தவர், ராத்தாவின் போன் வந்தால் எழும்பி நின்று பேசுவார். மதினிக்கு வரிப்பத்தான்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. பஸ் பிடித்து, இறங்கி, இன்னொன்று பிடித்து, அதிலும் இறங்கி, கடைசியில் ஓட்டோ. ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். பள்ளிக்கூட அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்ட பிறகு அதற்குக் கீழே கையெழுத்து வைப்பது மதினிக்கு மானப் பிரச்சினை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சிவப்புப் பேனையால் திருத்தியவர். ஆகவே யாரையும் கேட்காமல் ஒரு ஸ்கூட்டியை வாங்கி, பழகுநர் அனுமதியும் எடுத்து, எல் போட்டும் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை. நன்றாகத்தான் போனது. நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, மதினி இடுப்பை நேராக வைத்துக்கொண்டு, வகுப்பறையில் நுழைகிற மாதிரி முன்னால் போனார். ஒரு கட்டத்தில் நான் கையை விட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் ஸ்பீக்கர் 'டக்' என்றது.

மதினியின் இரண்டு கையும் ஹேண்டிலை விட்டன. ஒரு கை நெஞ்சுக்குப் போனது. மற்றக் கை ஹெல்மெட்டைக் காதுப் பக்கம் விலக்கிப் பிடித்தது. ஆரு மௌத்து என்று கேட்பதற்காகத் தலையைச் சரித்துக்கொண்டே, "இன்னாலில்லாஹி" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, மதினி நேராகப் போய்க் காயப்போட்டிருந்த வலைக் குவியலுக்குள் இறங்கினார்.

பாங்கு சொல்கிற மோதினார் சொன்னது மௌத்து அறிவித்தலே இல்லை. தண்ணீர் வராது என்று சொன்னார்.

வலைக்காரர்கள் ஓடி வந்தார்கள். மதினியை ஒரு பக்கத்தால் நானும் ஸ்கூட்டியை மறு பக்கத்தால் அவர்களுமாகப் பிரித்தெடுக்க நேரம் போனது. மட்காட் நெளிந்திருந்தது. மதினிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பயம் உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு மதினி வகுப்புக்கு வரவில்லை. சனி வந்தால் ஒரு மௌத்து, ஞாயிறு வந்தால் இன்னொன்று. எல்லாம் சொந்தப் பக்கத்து மௌத்து, என் சட்டத்துக்குள் அச்சொட்டாக அடங்குகிற மௌத்து. அவருடைய குடி ஊரிலேயே பெரிய குடி. மௌத்தே விழாத ஒரு சனிக்கிழமையில் மட்டும் மாட்டிக்கொண்டார். "தலையிடிக்குதுகா மச்சி, இண்டைக்கு விடு" என்றார். தலையிடி எந்த விதிவிலக்கிலும் இல்லை.

என் கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ராத்தாட்ட மட்டும் கேட்டிடாத. நான் எந்த முகத்தோட அந்த வீட்டுக்குப் போற?"

நான் விட்டிருப்பேன். ஆனால் பாமசிக்காரி விடவில்லை. "உங்கட மதினிக்கு மட்டும் சட்டம் வேறயா ராத்தா?" என்று குரூப்பிலேயே கேட்டுவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். மதினியிடம் கேட்காமல் விட்டால் இனி யாரிடமும் கேட்க முடியாது. சட்டம் போய்விடும், சட்டத்தோடு நானும் பழையபடி வாழைப்பழத்துக்குப் போய்விடுவேன். காசை விடுங்கள். என் நேரமும் நேரம்தான் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

மதினி வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் தந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னட்டயா கேக்குறாய்? நான் வெளி ஆளா?"

"வெளி ஆள் எண்டு இல்ல மதினி. அண்டு நான் போய் நிண்டன்."

"நிண்டா என்னகா? காத்து வாங்கியிருப்பாய். வீட்டிலதானே இரிக்கிறாய், எழும்பி வேலைக்கா ஓடப் போறாய்?"

பாமசிக்காரி சொன்னபோது கோபம் வந்தது. மதினி சொன்னபோது அழுகை வந்தது. அவர் படித்தவர், தானும் உழைக்கிற பெண், அவரே இப்படிச் சொன்னால் மற்றவர்களிடம் நான் என்ன எதிர்பார்ப்பது? எழும்பி வந்துவிட்டேன். கிண்ணத்தைக்கூடக் கழுவி வைக்கவில்லை. அதை மதினி பிறகு என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கிண்ணம்தான் அவருக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மதினியே போன் எடுத்தார். அன்றைக்கும் பஸ் பிந்தி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார். தன்னிடம் படித்த ஒருத்தி இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கோட்டுக்கு மேலே வைத்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்று பேனையை நீட்டினாளாம். 

"நாளைக்கு வாறன்," என்றார் மதினி. குரலில் டீச்சர்த்தனம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"மௌத்து விழுந்தா?"

"விழுந்தாலும் வாறன்."

"அப்ப நானும் வாறன்," என்றேன். கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அலாரத்தை வழமையைவிட முன்னுக்கு வைத்தேன்.

விடிகிறதற்கு முன்னால் கணவரின் போன் அடித்தது. அவர் எழும்பி உட்கார்ந்து, "இன்னாலில்லாஹி" என்றார். அவர்களுடைய குடியில் ஒரு பெண்மணி, நோயில் கிடந்தவர், மௌத்தாகிவிட்டார். பள்ளியில் இன்னும் சொல்லவில்லை.

"உடனே வெளிக்கிடு. நீ முதல் ஆளாப் போகணும். மருமகள் பிந்தி வந்தா எண்டு காலம் முழுக்கக் கதைப்பாங்க. ராத்தாவுக்கு அவங்களே சொல்லுவாங்க. பிள்ளையள நான் பாக்குறன்."

எங்கள் ஊரில் கணவன் வீட்டாரோடு பெண் இருப்பதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர். அதனாலேயே மௌத்து, கலியாணம் என்று வந்தால் மாப்பிள்ளை வீட்டார் கண் முழுக்க மருமகள் மேல் இருக்கும். எத்தனை மணிக்கு வந்தாள், எந்த வேலைக்குக் கை கொடுத்தாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் தொழுதேன், முக்காட்டை இழுத்துப் போட்டேன், ஓடினேன். ஓடின அவசரத்தில் போன் சார்ஜில் கிடந்தது. வகுப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே என் தலையில் இல்லை.

மையத்து வீட்டில் எனக்கு முன் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். பாய் விரித்தேன், பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணீருக்குக் கொதிநீர் வைத்தேன், சாம்பிராணி போட்டேன். இறந்தவருடைய பெண் மக்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல மருமகள் என்று கண்களில் தெரிந்தது. ஸ்பீக்கரில் பெயர் சொன்ன பிறகு பெண்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். பாமசிக்காரியும் வந்தாள். அவளைக் கண்டதும்தான் எனக்குள் ஏதோ ஒன்று குத்தியது. இன்றைக்குச் சனிக்கிழமை.

மதினி! போன் எங்கே? தடவினேன், இல்லை. சரி, மௌத்து மதினியுடைய குடியில்தான். அறிவித்தலைக் கேட்டு நேராக இங்கேதான் வருவார், மைதானத்துக்கு எதற்குப் போகப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நேரம் போகிறது, மதினியைக் காணவில்லை. இறந்தவரின் மூத்த மகள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள், "டீச்சர் ராத்தா எங்க?" என்று.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், எக்சலேட்டரைப் பயத்தில் விட்டு விட்டுத் திருகுகிற ஆள். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மதினி. எல் போட் காற்றில் ஆடுகிறது. பின்னால் யாரும் ஓடி வரவில்லை. கதிரைகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழும்பி வழி விட்டார்கள். மரியாதையிலா பயத்திலா தெரியாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். மதினி ப்ரேக் பிடித்தார், இறங்கினார், ஸ்டாண்ட் போடக் காலால் ஒரு உதை, விழவில்லை, இன்னொரு உதை, நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

வந்து மையத்தின் முகம் பார்த்தார். அழுதார். பொய் அழுகை இல்லை. இறந்தவர் அவருடைய உம்மாவின் தங்கை மகள், ஒன்றாக வளர்ந்தவர்கள். மக்களைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடம் தேடி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். தஸ்பீஹ் மணியை எடுத்தார். ஓதுவார் என்று நினைத்தேன்.

"நீ ஏன் வரல்ல?" என்று குனிந்து கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "எங்க மதினி?"

"கிறவுண்டுக்கு. நான் போய் நிண்டன். போன் எடுத்தன், நீ எடுக்கல்ல."

"மதினி, மௌத்துதானே..."

"மெதுவாக் கதை. இவ உனக்கு என்ன முறை?"

"உங்கட தம்பிட சாச்சிட மகள். ராத்தா முறை."

"எந்தப் பக்கம்?"

நான் சாம்பிராணிப் புகையைப் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் எண்டு கேக்குறன்."

"மாப்பிள்ளைப் பக்கம்," என்றேன்.

"செல்லாது," என்றார் மதினி. ஒரு மணியைத் தள்ளினார். "எனக்குச் சொந்தப் பக்கம். நான் வராட்டியும் சட்டப்படி சரி. ஆனா வந்தன். உனக்குச் செல்லாத மௌத்து, நீ வரல்ல. பாதிச் சல்லி வை."

"ஆரு பிடிச்சது உங்கள? தனியா எப்படி ஓடினீங்க?"

"ஆரும் பிடிக்கல்ல. நீ வருவாய் வருவாய் எண்டு பாத்தன். நிண்டு நிண்டு கால் கடுத்திட்டு. அந்த வலைக்காரன் வேற, 'என்ன டீச்சர், தனியாவா' எண்டு கேக்குறான். ரோசம் வந்து ஏறிட்டன். சுத்தி வாற நேரம் ஸ்பீக்கர் டக் எண்டிச்சி. பேர் சொன்னாங்க." மதினியின் குரல் உடைந்தது. "கண்ணெல்லாம் தண்ணி. ஆனா கையை விடல்ல. அப்பிடியே நேரா இங்க வந்தன்."

எனக்கும் கண் நிறைந்தது. ஆனாலும் என் குணம் சும்மா இருக்க விடவில்லை. "அப்ப நான் வராததாலதானே பழகினீங்க? நீங்கதான் எனக்கு முழுச் சல்லி தரணும்."

"அந்தக் கதை வேணாம்," என்றார் மதினி. இரகசியமாகத் தொடங்கியது இப்போது வகுப்பறைக் குரலுக்கு ஏறிவிட்டது. "விடியச் சாமத்தில எழும்பி அந்தப் பனியில நிண்டு பாத்தன்கா. ஆள் வாற பாதையையே பாத்துக்கிட்டு நிக்கிறது லேசுப்பட்ட வேலையா? இனி ஆரும் சும்மா நிண்டாய் எண்டு உன்னைச் சொன்னா என்னட்ட வரச் சொல்லு."

பாயில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாமசிக்காரி எதிரில் இருந்தாள், யாசீன் கிதாபை மடக்கி வைத்துவிட்டு, "என்ன ராத்தா, என்ன சல்லி?" என்று கேட்டாள்.

"இவ வகுப்புக்கு வராம விட்டுட்டா. அதுக்குப் பாதிச் சல்லி," என்றார் மதினி எல்லோருக்கும் கேட்க. "மருமகளா இரிந்தா என்ன, மதினியா இரிந்தா என்ன. அவட நேரமும் நேரம்தான், என்ட நேரமும் நேரம்தான். அந்தத் தலையிடிச் சல்லியை நான் பின்னேரம் கொண்டு வந்து தருவன். இது வேற, அது வேற."

கைப்பையைத் திறந்தேன். ஒரு ஐநூறு ரூபாய் தாள் இருந்தது. மதினியின் கையில் வைத்தேன். அவர் அதை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரிப்பத்தான்சேனைக்குப் பெற்றோல்," என்றார்.

"லைசன்ஸ் எடுக்காம அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது," என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல் தரமாக மதினி என் சொல்லுக்குத் தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையத்து வீட்டில் சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தேன். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து, பாவம், மாப்பிள்ளைப் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு அழுகிறாள் என்று சொல்லி என் முதுகைத் தடவிவிட்டார்கள். உண்மையில் அழவும்தான் செய்தேன். எல்லோரையும்விடப் பலமாகத் தடவியது மதினிதான்.